கயிறே கொடியான கதை

உலகத்துக் கொடிகளையெல்லாம் ஆராய்கிறவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தால், அந்தச் சங்கத்தின் வாசலில் எந்தக் கொடியை ஏற்றுவார்கள்? கேள்வி விளையாட்டாகத் தோன்றினாலும் பதில் அவ்வளவு லேசானது அல்ல. சிங்கம் போட்டால் இலங்கைக்காரர் மகிழ்வார், கழுகுக் கொடிக்காரர் முகம் சுளிப்பார். பிறை வைத்தால் சிலுவைக்கு மனக்குறை. நட்சத்திரம் என்றால் எத்தனை முனை என்று பேச்சு ஆரம்பமாகும். வெறும் நிறங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாலோ, எந்த மூன்று நிறத்தைத் தொட்டாலும் அது ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நாடாக இருக்கும். போதாக்குறைக்குக் கூடியிருப்பவர்கள் எல்லோரும் கொடி பார்த்தே கண் தேய்ந்தவர்கள். சமையற்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போவது போன்ற வேலை அது.

1967 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் ஏரிக்கரையில் ரூஷ்லிக்கோன் என்ற சிற்றூரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை காற்றில் அசைந்தது. நீலத் துணி. அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படுக்கைவாட்டில் ஓடும் இரண்டு மஞ்சள் கயிறுகள். நடுவில் அவை வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இரண்டு வளையங்களாகப் பின்னிக்கொள்கின்றன. சிங்கமும் இல்லை, பிறையும் இல்லை. வரைந்தவர் கிளாஸ் சீர்க்ஸ்மா என்ற டச்சுக்காரர். அந்தக் கயிறுகள் கொடியைக் கம்பத்தில் ஏற்றி இறக்கும் கயிறுகள். எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் இது இல்லாமல் மேலே போகாது. எந்த நாடும் இது என்னுடையது என்று உரிமை கொண்டாடியதும் இல்லை.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு கூடுதல் இனிப்பு உண்டு. நமக்குக் கொடி என்றால் படரும் முல்லையும் கொடிதான், மொட்டைமாடியில் துணி காயப்போடக் கட்டிய கயிறும் கொடிதான். தாலிக்கொடி, அரைஞாண்கொடி, தொப்புள்கொடி என்று இழையாக நீள்வதெல்லாம் கொடி. கம்பத்தில் பறப்பதற்கும் அதே சொல். ஆகவே கயிற்றின் படம் போட்ட கொடி என்று சொன்னால், மற்றவர்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். நாம், “சரி, கொடியில் கொடி வரைந்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அந்த எளிய நீலத் துணி ஜூரிக் ஏரிக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சநஞ்சம் அல்ல. துணி ஒரு வழியாக வந்தது, கயிறு வேறு வழியாக, அதைப் படிப்பவர்களுக்கான பெயர் மூன்றாவது வழியாக.

தொடக்கத்தில் துணியே கிடையாது. ஈரானில் கெர்மான் பகுதியின் பாலைவன ஓரத்தில் ஷாதாத் என்ற இடத்தில் அகழ்ந்தபோது ஒரு கொடி கிடைத்தது. கம்பத்தின் உச்சியில் கழுகு, பக்கவாட்டில் சதுரத் தகடு, அதில் உருவங்கள். எல்லாம் உலோகம். காலம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு. பறக்கவே முடியாத கொடி! ஆனாலும் தூரத்தில் நிற்பவருக்கு “நாங்கள் இங்கே இருக்கிறோம்” என்று சொல்லும் வேலையை அது செய்திருக்கும். கொடி பிறந்தது அந்த வேலைக்காகத்தான். பறப்பது பிற்பாடு வந்த அழகு.

ரோமானியர் துணிக்கு வந்தார்கள், ஆனால் அவர்களும் அதைப் பறக்கவிடவில்லை. ஈட்டியின் உச்சியில் குறுக்காக ஒரு கட்டையை வைத்து, அதிலிருந்து சதுரத் துணியைத் தொங்கவிட்டார்கள். இன்று தேவாலய ஊர்வலங்களில் வருகிறதே, அந்த மாதிரி. அதன் பெயர் வெக்சில்லம். பாய்மரத்தின் பாயைக் குறிக்கும் வேலும் என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்த சொல் இது என்பது மொழியறிஞர் பலர் கருத்து. அதாவது குட்டிப் பாய். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். கப்பலின் பருமலில் பாய் தொங்குவதைப் போலவே குறுக்குக் கட்டையில் துணி தொங்கும். பெரிய படையிலிருந்து ஒரு பிரிவைத் தனியே அனுப்பும்போது அதற்கென்று ஒரு வெக்சில்லம் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பிரிவுக்கே வெக்சில்லாத்தியோ என்று பெயர் வந்துவிட்டது. கொடியின் பெயரே கூட்டத்தின் பெயராகும் வழக்கம் அன்றே தொடங்கியாயிற்று.

லட்சக்கணக்கான வீரர்கள் இத்தனை நூற்றாண்டுகள் தூக்கித் திரிந்த வெக்சில்லங்களில் துணியோடு நமக்குக் கிடைத்திருப்பதாகப் பெயர்பெற்றது ஒன்றுதான். எகிப்தின் உலர்ந்த மணல் அதைக் காப்பாற்றியது. மாஸ்கோவின் புஷ்கின் கலைக்கூடத்தில் இருக்கிறது. முரட்டு லினன் துணி. உலக உருண்டையின்மேல் நிற்கும் வெற்றித் தேவதை. கீழ் ஓரத்தில் குஞ்சம். ஒரு பேரரசின் அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் மிச்சம் ஒரு கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி.

துணியைப் பறக்க வைத்தது பட்டு. லினனும் கம்பளியும் கனம். காற்று பலமாக அடித்தால்தான் எழும். பட்டு மெல்லியது, உறுதியானது, சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வது, நனைந்தாலும் சீக்கிரம் காய்வது. லேசான காற்று போதும், கம்பத்தின் பக்கவாட்டில் கட்டினால் விரிந்து நிற்கும். சீனத்தில் போர்க்கலை பற்றி எழுதிய சுன் சூ, குரல் எட்டாத இடத்தில் முரசும், கண்ணுக்குத் தெளிவில்லாத இடத்தில் கொடியும் வேண்டும் என்ற பொருளில் அன்றே குறித்து வைத்தார். பக்கவாட்டில் கட்டிப் பறக்கவிடும் வழக்கம் பட்டோடு சேர்ந்து சீனத்திலிருந்து மேற்கே நகர்ந்து, அராபியர் கைக்கு வந்து, அங்கிருந்து சிலுவைப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் வேரூன்றியது என்று கொடியியலார் கருதுகிறார்கள். பட்டு வணிகர்கள் விற்றது புடவைக்கும் அங்கிக்கும். கூடவே கொடி பறந்து போனதைச் சுங்கக்காரர் யாரும் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

நம் பக்கத்திலும் கொடிக்குப் பஞ்சம் இல்லை. காவிரி கடலில் கலக்கும் புகாரைப் பாடும் பட்டினப்பாலை அந்த ஊரின் கொடிகளை வகைபிரித்தே சொல்கிறது. தெய்வம் உறையும் வாயிலில் ஒன்று, நாவாய்களின் கூம்பில் ஒன்று, கள் விற்கும் இடத்தில் ஒன்று. எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து நட்ட கொடி. “வா, வந்து பேசிப் பார்” என்று அறிஞர் கொடி நடுவது! ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு கல்விக் கூட்டம் தனக்கென்று கொடி பிடித்திருக்கிறது. ரூஷ்லிக்கோன் ஆராய்ச்சியாளர்களுக்குப் புகார் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்தது அதையேதான்.

கயிற்றின் கதைக்கு வருவோம். கொடி ஏற்றும் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் ஹேல்யார்ட் என்று பெயர். இழுப்பது என்ற பொருள்கொண்ட ஹேலியர் என்ற பழைய சொல்தான் முதலில் இருந்தது. கப்பலில் பாய் தொங்கும் குறுக்கு மரத்துக்கு யார்ட் என்று பெயர். அந்த மரத்தை இழுத்து ஏற்றும் கயிறு இது என்பதால், காலப்போக்கில் மாலுமிகள் வாயில் ஹேலியரின் வால் யார்டாக மாறிவிட்டது. தவறாகக் கேட்டு உருவான சரியான சொல். நம் கடலோடிகளும் இதற்கு வாய்க்கு இனிய சொல் வைத்திருக்கிறார்கள்: ஆஞ்சான். பாயை ஏற்றும் அந்த ஆஞ்சானிலேயே கொடியும் ஏறியது. வெக்சில்லம் குட்டிப் பாய் என்றால், அதை ஏற்றப் பாய்க்கயிறே வந்தது பொருத்தம்தானே.

இந்தியப் பெருங்கடலில் அந்தக் கயிறு பெரும்பாலும் தேங்காய் நார். அரபு மரக்கலங்களின் பலகைகளையே ஆணி இல்லாமல் நார்க்கயிற்றால் தைத்தார்கள். ஹோர்முஸில் அதைப் பார்த்து மார்க்கோ போலோ அசந்துபோனார், பயந்தும் போனார். நாருக்கு ஆங்கிலத்தில் கோயர் என்கிறார்களே, அது மலையாளத்தின் கயர். நம் கயிற்றின் உடன்பிறப்பு. ஐரோப்பியக் கப்பல்களோ சணலைப் போன்ற ஹெம்ப் கயிற்றை நம்பின. பிரிட்டிஷ் கடற்படைக்கு அது பால்டிக் கரையிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரவேண்டியிருந்தது. பிறகு பிலிப்பைன்ஸ் வாழைநாரில் திரித்த மணிலாக் கயிறு வந்தது. மன்னர் கொடியோ மக்கள் கொடியோ, அதைத் தாங்கிய கயிறு எங்கோ ஒரு தூரக் கரையின் நார்.

துணியும் அப்படித்தான். பட்டு கடற்காற்றுக்குக் கட்டுப்படியாகாது. கப்பல் கொடிகளுக்குத் தளர்வாக நெய்த கம்பளித் துணி வந்தது, பண்டிங் என்பார்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்பரி ஊர் நெசவாளர்கள் அதற்குப் பேர்போனவர்கள். இங்கே ஒரு வேடிக்கை. 1813இல் பால்ட்டிமோரின் மெக்ஹென்றி கோட்டைக்கு மேரி பிக்கர்ஸ்கில் என்ற பெண்மணி ஒரு மாபெரும் கொடி தைத்துக் கொடுத்தார். 30 அடிக்கு 42 அடி. வீட்டில் விரிக்க இடம் இல்லாமல் பக்கத்து மதுவடிப்பு ஆலையின் தரையில் பரப்பித் தைத்தார்கள். கூலி 405 டாலர் 90 சென்ட். மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் விடிய விடியக் குண்டு வீசிய பின்னும் அந்தக் கோட்டையில் கொடி நின்றதைப் பார்த்துத்தான் அமெரிக்க தேசிய கீதம் பிறந்தது. பிரிட்டனை எதிர்த்து நின்ற அந்தக் கொடியின் துணி பிரிட்டனில் நெய்த கம்பளி.

அந்தக் கொடியின் கோடுகளுக்கே ஒரு பூர்வகதை சொல்வோர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி சிவப்பும் வெள்ளையுமான கோடுகளால் ஆனது. மூலையில் முதலில் ஜார்ஜ் சிலுவை, 1707க்குப் பிறகு யூனியன் கொடி. 1775 டிசம்பரில் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆல்ஃப்ரெட் என்ற கப்பலில் ஏற்றிய முதல் கொடியும் அதே அமைப்புதான்: கோடுகள், மூலையில் யூனியன் கொடி. சென்னைக் கடற்கரையில் நங்கூரமிட்ட கம்பெனிக் கப்பல்களின் கொடியைத்தான் அமெரிக்கர் எடுத்துக்கொண்டார்களோ என்ற வாதத்தை 1937இல் சர் சார்லஸ் ஃபாசெட் விரிவாக எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கோடு போடுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல, இரண்டு பேருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்பார்கள். எனக்கென்னவோ, பாஸ்டன் துறைமுகத்தில் கம்பெனித் தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள் கம்பெனிக் கொடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்ற கதையை விட மனம் வரவில்லை.

கொடிகளைத் தொகுத்துப் படிக்கும் பழக்கம் கிளம்பியதும் கப்பலால்தான். எதிரே வரும் கப்பல் யாருடையது என்று தெரியாவிட்டால் சரக்கும் போகும், உயிரும் போகும். 17ஆம் நூற்றாண்டில் கடல்வாணிகத்தின் தலைநகரமாக இருந்த ஹாலந்தில் கொடிப் படங்களைத் தொகுத்து அச்சிட்டு விற்கும் தொழில் செழித்தது. 1695இல் கரெல் அலார்ட் வெளியிட்ட கொடித் தொகுப்பு அதில் பேர்பெற்றது. பேர்பெற்றதும் என்ன நடக்கும்? மற்ற அச்சகத்தார் அதை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அவர்களைப் பார்த்து வேறு மொழிக்காரர்கள். காப்பிக்குக் காப்பி.

காப்பியில் பிழை குட்டி போடும் என்பது பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். அந்நாளில் அச்சு கறுப்பு வெள்ளை. நிறத்தை எழுத்தாலோ கோடுகளாலோ குறிப்பார்கள். மேலிருந்து கீழாகக் கோடு என்றால் சிவப்பு, படுக்கைக்கோடு என்றால் நீலம், புள்ளி என்றால் பொன் என்று சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்தா என்ற ஏசுசபைத் துறவி 1638இல் அச்சிட்ட முறை பரவியிருந்தது. அந்தப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியவர் குறிப்பைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாட்டின் நிறமே மாறிவிடும். அடுத்த பதிப்பாளர் அந்த வண்ணத்தையே நம்புவார். எந்தக் கப்பலிலும் யாரும் பார்த்திராத நிறத்தில் கொடிகள் ஏட்டில் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பறந்துகொண்டிருந்தன.

காப்பி அடித்ததற்கு மிகப் புகழ்பெற்ற சந்தேக நபர் ரஷ்யாவின் மகா பீட்டர். 1697இல் ஹாலந்துக்குப் போய்க் கப்பல் கட்டும் பட்டறையில் தச்சராக வேலை பார்த்தார். டச்சுக் கொடி சிவப்பு, வெள்ளை, நீலம். ரஷ்யக் கொடி வெள்ளை, நீலம், சிவப்பு. பார்த்ததும் பழி போட்டுவிடலாம். ஆனால் பீட்டர் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1693இல், ஆர்க்கேஞ்சல்ஸ்க் துறைமுகத்தில் தன் சிறு கப்பலில் இந்த நிறக் கொடியை ஏற்றியாயிற்று. பயணத்தில் களவாடவில்லை என்பது வரை சரி. எனினும் அவர் போவதற்கு முன்பே ரஷ்யாவில் கப்பல் கட்டிக் கொடுத்தவர்களும் டச்சுக்காரர்கள்தாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1848இல் பிராகாவில் கூடிய ஸ்லாவிய மக்களின் மாநாடு இந்த மூன்று நிறங்களையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்று செர்பியா, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா கொடிகளை அடுத்தடுத்து வைத்தால் குடும்பப் புகைப்படம்போல இருக்கும்.

இப்படி ஆளாளுக்கு எடுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் முட்டிக்கொள்ளத்தானே வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அது நடந்தது. ஆல்ப்ஸ் மலை மடியில் இருக்கும் லீக்டன்ஸ்டைனும் கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தியும் ஒரே கொடியோடு வந்து நின்றன. மேலே நீலம், கீழே சிவப்பு. கல்யாண வீட்டில் ஒரே புடவையில் இருவர் எதிர்ப்பட்ட கதை. அடுத்த ஆண்டே லீக்டன்ஸ்டைன் தன் நீலத்தில் ஒரு பொன் கிரீடத்தை வரைந்துகொண்டது. அத்தனை ஆண்டுகளாக இதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். 1917 அக்டோபரில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1,197 கொடிகளை வண்ணத்தில் அச்சிட்டிருந்தது. விரும்பிச் சேர்ப்பவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆனால் இது ஒரு படிப்பு என்று யாரும் சொல்லவில்லை. குலச்சின்னங்களைப் படிக்கும் பழைய துறையின் திண்ணையில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

பெயர் இல்லாத குழந்தைக்குப் பெயர் வைத்தவனுக்கு வயது பதினேழு. 1957இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த விட்னி ஸ்மித் என்ற இளைஞன் ரோமானியரின் வெக்சில்லத்தை எடுத்து, அதன் வாலில் கிரேக்கத்தின் லோகியாவை ஒட்டி, வெக்சிலாலஜி என்றான். லத்தீன் தலை, கிரேக்க வால். மொழித்தூய்மைக்காரர் பார்த்தால் உதடு பிதுங்கும். ஆனாலும் நின்றுவிட்டது, இன்று அகராதிகளில் இருக்கிறது. தமிழில் கொடியியல் என்று சொல்லிவிடுகிறோம், ஒட்டுப்போட்டது தெரியாமல்.

காலமும் அவனுக்குச் சாதகம். அதே 1957இல் கானா விடுதலை பெற்று, தியோடோசியா ஒக்கோ என்ற ஆசிரியை வரைந்த சிவப்பு, பொன், பச்சைக் கொடியைக் கருநட்சத்திரத்தோடு ஏற்றியது. 1960இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. பழைய கொடிப் படங்களெல்லாம் ஓராண்டில் பழைய பஞ்சாங்கம் ஆயின. ஸ்மித் 1961இல் கெர்ஹார்ட் கிராலோடு சேர்ந்து கொடிக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். மறு ஆண்டு வின்செஸ்டர் ஊரில் தன் வீட்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம். 1970இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த வேலையையும் விட்டுவிட்டார். கொடியைப் படித்துச் சோறு தின்ன முடியுமா என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். தின்று காட்டினார்.

பிரிட்டிஷ் கயானா விடுதலையை நெருங்குகிறது என்று கேள்விப்பட்டதும் ஸ்மித் அங்கிருந்த தலைவர் செத்தி ஜகனுக்கு எழுதினார். கொடி என்ன என்று கேட்கப் போனவர் கொடியையே வரைந்து கொடுக்கும்படி ஆயிற்று. செந்நிறப் பரப்பில் பச்சை முக்கோணமாக அவர் வரைந்ததை லண்டனின் குலச்சின்ன நிபுணர்கள் நிறம் மாற்றி, வெள்ளையும் கறுப்புமாக ஓரம் கட்டினார்கள். 1966 மே 26 அன்று கயானாவில் அது ஏறியது. அதில் உள்ள பொன்னிற முனையை வைத்து அதைப் பொன் அம்புமுனை என்று அழைக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்தும் நம் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வணங்கும் கொடி, அந்த மண்ணைச் சேராத ஓர் இளைஞனின் மேசையில் பிறந்தது.

ஆளாளுக்குத் தனியே படித்துக்கொண்டிருந்தவர்கள் 1965 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே மௌடர்பெர்க் ஊரில் முதன்முறையாகக் கூடினார்கள். நம் சீர்க்ஸ்மா அங்கே முன்னின்றவர்களில் ஒருவர். அவர் கை அப்போது பழைய ஏட்டில் இருந்தது. 1669, 1670 ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு கொடிக் கையெழுத்துப்படியை அச்சுக்குத் தயாரித்து 1966இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கப்பல்காரர்களுக்காக முந்நூறு ஆண்டு முன்பு யாரோ ஒருவர் பொறுமையாக வண்ணம் தீட்டிய கொடிகள். அத்தனை சிங்கங்களையும் சிலுவைகளையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அடுத்த ஆண்டு அதில் எதையும் தொடாமல் இரண்டு கயிறுகளை வரைந்தார். சோர்ந்துபோய் வரைந்தாரா, தெளிந்துபோய் வரைந்தாரா, சொல்வதற்கில்லை.

ரூஷ்லிக்கோனில் ஸ்மித்தும் சீர்க்ஸ்மாவும் சுவிஸ் அறிஞர் லூயி மூலமனும் மற்றவர்களும் சேர்ந்து பன்னாட்டுக் கொடியியல் சங்கங்களின் கூட்டமைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1969 செப்டம்பர் 7 அன்று பாஸ்டனில் அது முறையாக நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ஃபியாவ் என்கிறார்கள். இரண்டு கயிறுகளும் பின்னிய இரண்டு வளையங்களும் அதன் கொடி, அதுவே அதன் சின்னம். பின்னிக்கிடப்பது ஒத்துழைப்புக்கும் நட்புக்கும் அடையாளம் என்று விளக்கம் தருகிறார்கள். சங்கம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கயிறு பின்னிக்கொள்ள வேறு காரணங்களும் உண்டு.

இந்தக் கூட்டமைப்பு வந்ததால் உருப்படியாக ஒன்று நடந்தது. ஒரு கொடியை யார், எங்கே ஏற்றலாம் என்பதைச் சொல்ல ஸ்மித் உருவாக்கிய ஒரு குறிமுறையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆறு கட்டம் போட்ட ஒரு சிறு சதுரங்கம். மேல் வரிசை தரை, கீழ் வரிசை கடல். முதல் பத்தி பொதுமக்கள், அடுத்தது அரசு, அதற்கடுத்தது படை. உரிய கட்டத்தில் புள்ளி வைத்தால் முடிந்தது. ஆறு கட்டத்திலும் புள்ளி இருந்தால் எல்லோருக்கும் எங்கும் ஒரே கொடி. சில நாடுகளுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு கொடி. பிரிட்டனில் வணிகக் கப்பலுக்குச் சிவப்பு, அரசுக் கப்பலுக்கு நீலம், கடற்படைக்கு வெள்ளை. பத்து வரியில் எழுத வேண்டிய வழக்கத்தை ஐந்தாறு புள்ளி சொல்லிவிடுகிறது. மொழி தெரியாத நாட்டுக் கொடிப் புத்தகத்தையும் இதை வைத்துப் படித்துவிடலாம்.

ரூஷ்லிக்கோன் கூட்டம் நடந்த அதே 1967இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் பிறந்தது. அதன் ஆய்விதழுக்கு ரேவன் என்று பெயர், அண்டங்காக்கை. நார்ஸ் கடலோடிகள் தூக்கித் திரிந்த அண்டங்காக்கைக் கொடியின் நினைவாக வைத்தார்கள். 1066ஆம் ஆண்டுப் போரைத் தையலில் சொல்லும் பாயூ துணிச்சித்திரத்தில் ஒரு குதிரைவீரனின் ஈட்டியில் பறவை போட்ட சிறு கொடி ஒன்று இருக்கிறது. அதையும் அண்டங்காக்கை என்றே பலர் பார்க்கிறார்கள். இந்தச் சங்கம் 2004இல் நகரக் கொடிகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்டது. கடைசி இடம் ஐடஹோ மாநிலத்தின் போக்கட்டெல்லோவுக்கு. உலகமெல்லாம் பேசிச் சிரித்த பிறகு, 2017இல் அந்த ஊர் கொடியை மாற்றிக்கொண்டது. வெறும் ஆராய்ச்சிதானே என்று இருந்தால் ஊர்க் கொடியே இறங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் 1971இல் வில்லியம் க்ராம்ப்டன் ஒரு கொடி நிறுவனம் தொடங்கினார். பிறகு கண்டம் கண்டமாகச் சங்கங்கள். ஒவ்வொன்றும் முதல் கூட்டத்திலேயே தனக்கொரு கொடி தேடியது. எப்படித் தேடாமல் இருக்கும்? போதாதென்று, இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாடு ஒவ்வொன்றுக்கும் தனிக்கொடி வரையும் வழக்கம் வந்தது. மாநாடு முடிந்ததும் அந்தக் கொடியும் படிப்புக்குரிய பொருளாகிறது. அதன் நிறமும் அளவும் வரைந்தவர் பெயரும் குறிப்பேட்டில் ஏறுகின்றன. கொடி படிப்பவர்களின் கொடியைப் படிக்கும் கொடியியலாரும் வந்துவிட்டார்கள் என்று பொருள்.

விட்னி ஸ்மித் 2016 நவம்பரில் காலமானார். அவர் வீட்டில் நிறைந்திருந்த ஆயிரக்கணக்கான புத்தகங்களும் கொடிகளும் அதற்குச் சில ஆண்டு முன்பே ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மாநாடுகள் நிற்கவில்லை. 2009இல் யோக்கோஹாமா, 2015இல் சிட்னி, 2017இல் லண்டன். பெருந்தொற்று குறுக்கிட்டதால் 2021இல் நடக்கவேண்டியது ஓராண்டு தள்ளி ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் நடந்தது. அடுத்தது 2024 ஆகஸ்டில் பெய்ஜிங்கில். பட்டு மேற்கே புறப்பட்ட நாட்டுக்கு இரண்டு கயிறுகள் வரைந்த நீலக் கொடி போய்ச் சேர்ந்தது, மடித்துப் பெட்டியில் வைத்து, விமானத்தில். இக்காலத்துக் கொடிகள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். இஸ்திரி போடும்போது மட்டும் கவனம் வேண்டும்.